அப்பாவின் பிறந்தநாளுக்கு நான் செய்த பக்கம்

ஷிப்ட் பார்த்து ஷிப்ட் பார்த்தே தூக்கத்தைத் தொலைச்ச என் அப்பாவுக்கு,

இப்பவாவது நல்லாத் தூங்குறீங்களா? எழுப்பினா கோபம் வரும்னு தெரியும். ஆனாலும் எழுப்புறேன். உங்க ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நான் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செஞ்சேனே, ஞாபகம் இருக்கா? அதுக்கு இலவசமா இடம் குடுத்த தளத்தை மூடப் போறாங்களாம். போன வாரம் மெயில் வந்தது. பக்கத்தை அப்படியே எடுத்துப் பத்திரப்படுத்திட்டேன். எடுக்கும்போது முழுசா ஒரு தடவை பார்த்தேன். அதிலிருந்து உங்ககிட்ட பேசணும் போலவே இருக்கு.

அப்ப நான் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படிப்பு, ரெண்டாம் வருஷம். கடலூரிலிருந்து தினமும் பஸ். வெப்சைட் செய்யறது எப்படின்னு வகுப்பில் சொல்லிக்குடுத்ததும் கை துறுதுறுன்னு ஆயிடுச்சு. எங்க கிளாஸ் பொண்ணுங்க தோழிகளுக்கு ரோஜாப்பூவும் மினுங்குற நட்சத்திரமுமா வாழ்த்துப் பக்கம் செஞ்சு அனுப்பிக்கிட்டிருந்தாங்க. எனக்கு உங்க ஞாபகம்தான் வந்தது. குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி பாய்லர் பக்கத்திலேயே இருபத்தஞ்சு வருஷம் நின்ன மனுஷனுக்கு, ஒரு தடவைகூட யாரும் பிறந்தநாள் கொண்டாடினது இல்லை. உங்க பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். ஐம்பது ஆகப்போகுது.

அம்மாவும் நானும் டிரங்குப் பெட்டியைக் கிளறினோம். உங்க கல்யாணப் படம். உங்க செட்டு ஆளுங்களோட பாய்லர் முன்னால நிக்கிற படம். சில்வர் பீச்சில் தம்பி சரவணனைத் தோளில் தூக்கி வெச்சிருக்கிற படம். எல்லாத்திலும் முகத்தை உம்முன்னு வெச்சிருந்தீங்க. அடியில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. சிதம்பரம் தெற்கு வீதி ஸ்டூடியோவில் எடுத்த படம். மீசை அரும்பின வயசில் நீங்க நிக்கிறீங்க. பக்கத்தில் ஸ்டூல் மேல ரெட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பொண்ணு. நீங்க பல்லு தெரியச் சிரிக்கிறீங்க.

அம்மா படக்குன்னு பிடுங்கினாங்க. “இது வேணாம்டி. வசந்தா இருக்கற படம். அப்பா பாத்தாருன்னா வீடே ரெண்டாவும்.”

வசந்தா அத்தை, உங்க ஒரே தங்கச்சி. அவங்க காட்டுமன்னார்கோயிலில் இருக்காங்க, நமக்கும் அவங்களுக்கும் பேச்சு இல்லை, அவ்வளவுதான் எனக்கும் தம்பிக்கும் தெரியும். மீதியை அன்னைக்கு அம்மாதான் சொன்னாங்க. கம்பெனி உங்களை வடக்கே டிரெயினிங்குக்கு அனுப்பியிருந்த சமயத்தில் உங்க அம்மா, அத்தை வீட்டில் இறந்துபோயிட்டாங்க. நீங்க ரயில் ஏறி வந்து சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. பெத்த பிள்ளை இருக்க, மருமகன் கொள்ளி வெச்சுட்டாரு. அன்னைக்கு அத்தை வீட்டு வாசலில் நின்னு “எனக்குத் தங்கச்சியே கெடையாது”ன்னு சொல்லிட்டுத் திரும்பினவர் நீங்க. அதுக்கப்புறம் பதினேழு வருஷம் ஓடிப்போச்சு.

அம்மா குளிக்கப் போன நேரத்தில் அந்தக் கவரை எடுத்துப் பையில் வெச்சுக்கிட்டேன். சேர்த்து வைக்கணும்னு எல்லாம் நினைக்கலைப்பா. நீங்க சிரிக்கிற படம் அது ஒண்ணுதான் இருந்தது.

மஞ்சக்குப்பம் பிரவுசிங் சென்டரில் உக்காந்துதான் செஞ்சேன். தமிழில் அடிச்சா எல்லாம் கட்டம் கட்டமா வந்தது. அதனால காகிதத்தில் என் கையெழுத்தில் எழுதி, அதையே ஸ்கேன் பண்ணிப் போட்டேன். ‘எங்க அப்பா கோவிந்தராசுக்கு ஐம்பது வயசு!’ உங்க கம்பெனி வாசல் டீக்கடையில் நின்னு, உங்க செட்டு ஆளுங்ககிட்ட ஆளுக்கு ஒரு வரி கேட்டு எழுதிக்கிட்டேன். “பாய்லரையே அதட்டி வேலை வாங்குற ஆளும்மா ஒங்கப்பா”ன்னு ஒருத்தர் சொன்னதை முதல் வரியா வெச்சேன். பக்கத்தின் கடைசியில், பார்க்கிறவங்க வாழ்த்து எழுத ஒரு இடமும் விட்டேன். கிளாஸில் எல்லாருக்கும் லிங்க் அனுப்பினேன்.

பிறந்தநாள் அன்னைக்குச் சாயங்காலம், காலேஜ் பாரம் ஒண்ணு நிரப்பணும்னு பொய் சொல்லி உங்களைக் கூட்டிப் போனேன். அந்தப் பிளைவுட் தடுப்புக்குள்ள நீங்க உக்காந்ததும் எனக்கு நிக்க இடமில்லை. பக்கம் மேலிருந்து மெதுவா வந்தது.

“இது யாரு, நானா?”

“நீங்கதாம்ப்பா.”

“இத யாரு யாரு பாப்பாங்க?”

“ஒலகம் பூராப் பாக்கலாம்.”

உடனே சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கிட்டீங்க! கம்ப்யூட்டருக்கு உள்ளே இருந்து யாரோ உங்களைப் பார்க்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. பீச் படத்தைப் பார்த்து, “இவன் அன்னிக்கி என் தலையிலயே ஒண்ணுக்கு இருந்துட்டான்”னு சொன்னீங்க. அவ்வளவு சந்தோஷமா உங்களை நான் பார்த்ததே இல்லை. அப்புறம் அந்த ஸ்டூடியோ படம் கோடு கோடா இறங்க ஆரம்பிச்சது. உங்க தலைமுடி, நெத்தி, சிரிப்பு. அடுத்து ரெட்டைச் சடை.

நீங்க எழுந்த வேகத்தில் நாற்காலி தடுப்பில் இடிச்சது. “இத யாரு போடச் சொன்னா?” அவ்வளவுதான் கேட்டீங்க. வீடு வரைக்கும் மொபெட்டில் ஒரு வார்த்தை இல்லை. மறுநாளும் இல்லை. பிறந்தநாள் அதிர்ச்சி குடுக்கணும்னுதான் ஆசைப்பட்டேன். ஆனா இந்த மாதிரி இல்லை.

மூணாம் நாள் அந்தப் படத்தை எடுத்துடலாம்னு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கடைசியில் புதுசா ஒரு வாழ்த்து இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அத்தை சொல்லச் சொல்ல அவங்க மக சாந்தி அடிச்சது. என்கூடப் படிக்கிற காட்டுமன்னார்கோயில் பொண்ணு ஒருத்தி சாந்திக்குத் தோழியாம். அதே ஸ்டூடியோ படம் அத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கறதால, பார்த்ததும் கண்டுபிடிச்சு அவங்களுக்குக் காட்டியிருக்கா.

‘அண்ணா, இன்னிக்கி ஒன் பொறந்தநாள் இல்ல. இது வாத்தியார் போட்ட தேதி. ஆனித் தேர் நெலைக்கு வந்த நேரத்துல நீ பொறந்தேன்னு அம்மா சொல்லும். அம்மா போனப்ப மூணு தந்தி குடுத்தேன். ரெண்டு நாள் வெச்சிருந்தோம். மழை விடல. அதுக்கு மேல வெக்க முடியல அண்ணா. இத்தினி வருஷம் கழிச்சி என் படத்த நீயே எடுத்துப் போட்டிருக்க. எனக்கு இது போதும்.’

நீயே எடுத்துப் போட்டிருக்க. அந்த வரியையே திரும்பத் திரும்பப் படிச்சேன். நீங்க போடலைன்னு அவங்ககிட்ட யார் சொல்றது? சொல்லாம இருந்தா அது பொய் இல்லையா? பிரிண்ட் எடுத்து, தமிழில் எழுதி, உங்க டிபன் கேரியர் பைக்குள்ள வெச்சேன்.

நீங்க வேலை முடிஞ்சு வந்தீங்க. கேரியரை எடுத்தப்ப பையில் அந்தக் காகிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை வாரி, துவைச்ச சட்டை போட்டுக்கிட்டு வந்து என் பக்கத்தில் நின்னீங்க.

“அந்தக் கம்ப்யூட்டர் கடை தொறந்திருக்குமா?”

மறுபடியும் அதே தடுப்பு. இந்தத் தடவை நான் உக்காந்தேன், நீங்க நின்னீங்க.

“நான்தான் போட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா.”

“இல்ல, நான் போட்டதுன்னு எழுதிடவாப்பா?”

“வேணாம். நான்தான் போட்டேன்னே எழுது.”

அப்புறம், “கோவம் ஒம்மேல இல்லன்னு எழுது”ன்னு சொன்னீங்க. நான் அடிச்சேன். அடிச்சு முடிச்சு நிமிர்ந்தப்ப, நீங்க என்னைப் பார்க்காம சுவரைப் பார்த்துப் பேசினீங்க. டிரெயினிங் கிளம்புறதுக்கு முன்னால, ஒருதடவை வந்து பார்த்துட்டுப் போடான்னு உங்க அம்மா ஆள் விட்டாங்களாம். ஒரு நாள் லீவு இருந்துச்சாம். அலைச்சலா இருக்கும்னு போகாம நேரா ரயிலேறிட்டீங்களாம். “அத யாருகிட்ட சொல்றது? அவமேல கோவப்பட்டுட்டேன்.” இதையும் எழுதணுமான்னு நான் கேட்டேன். “எழுது”ன்னீங்க. அப்பா, நீங்க இரும்பு மாதிரி ஆளுன்னு ஊரே சொல்லும். அன்னைக்கு அந்தக் கடையில் நீங்க செஞ்சதைவிடப் பெரிய வேலை எதையும் நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஆனித் தேருக்குச் சிதம்பரம் போனோம். கீழ வீதிக் கூட்டத்தில் அத்தை உங்களைக் கண்டுபிடிச்சதும் கட்டிப்பிடிச்சு அழுவாங்கன்னு எதிர்பார்த்தேன். “என்னா அண்ணா இப்பிடி நரைச்சிப் போயிட்ட?”ன்னுதான் கேட்டாங்க.

“நீ மட்டும் என்னா, கொமரியா?”ன்னு நீங்க.

கொஞ்சம் தள்ளி மாமா நின்னுக்கிட்டிருந்தாரு. கொள்ளி வெச்சவர். கையைப் பிசைஞ்சுக்கிட்டு, “மச்சான், அன்னிக்கி மழ…”ன்னு ஆரம்பிச்சாரு.

“வுடுங்க மச்சான். வாங்க, டீ குடிக்கலாம்.” அவர் தோளில் நீங்க கை போட்டதை, அத்தை பார்க்காத மாதிரி பார்த்துக்கிட்டே இருந்தாங்க. தேர் எப்ப வந்தது, எப்ப போனதுன்னு எனக்கு ஞாபகமே இல்லை.

அப்புறம் அஞ்சு வருஷம். பொங்கலுக்கு அவங்க அரிசி வரும், ஆனியில் நம்ம பலாப்பழம் போகும். அத்தை வந்தா அம்மாவுக்கு அடுப்படியில் வேலையே இருக்காது. கொஞ்ச வருஷம்தான். ஆனா இருந்ததே, அது போதாதா அப்பா? சில நாள் போதும்னு தோணுது. சில நாள் தோணலை.

நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நீங்க சாய்ஞ்ச அன்னைக்கும் மழைதான். காட்டுமன்னார்கோயில் பக்கம் ரோட்டில் தண்ணி, பஸ் இல்லை. நேரமாகுதுன்னு பெரியவங்க எல்லாம் அவசரப்படுத்தினாங்க. அம்மா எழுந்து வாசலில் போய் நின்னாங்க. “அவரு தங்கச்சி வராம யாரும் தொடக் கூடாது.” அம்மா அவ்வளவு சத்தமாப் பேசி நான் கேட்டதில்லை. அத்தை டிராக்டரில் ஏறி, நடந்து, நனைஞ்சு மறுநாள் காலையில் வந்து சேர்ந்தாங்க. வந்து உங்க தலையைத் தடவினப்புறம்தான் எடுத்தோம்.

அடுத்த மாசமே வந்த புயல்ல பின்பக்கத்துப் பலா மரம் சாய்ஞ்சிடுச்சு. ஓடு பாதி பறந்துடுச்சு. மாத்திட்டோம், கவலைப்படாதீங்க. நான் புதுச்சேரியில் வேலைக்குப் போறேன்.

கவலையெல்லாம் சரவணனைப் பத்தித்தான். உங்க இடத்தில் அவனுக்கு வேலை தரோம்னு கம்பெனியில் சொன்னாங்க. “அந்த வாடையில என்னால நிக்க முடியாதுக்கா”ன்னு மறுத்துட்டு, அம்மாகிட்ட சொல்லாமலே கோயம்புத்தூர் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டான். “ஒங்கப்பா வேலைய எட்டி ஒதச்சிட்டான்”ன்னு அம்மா அவனோட பேசி நாலு மாசம் ஆகுது. அவன் போன் பண்ணினா என்கிட்ட குடுத்துட்டு எழுந்து போயிடறாங்க. நீங்க இருந்திருந்தா அவனைத் திட்டியிருப்பீங்களா, போடான்னு அனுப்பியிருப்பீங்களா? எனக்குத் தெரியலை.

முந்தாநாள் அத்தை வந்திருந்தாங்க. அம்மா குறை சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே இருந்துட்டு, “அண்ணி, நாங்க பதினேழு வருஷத்த வீணாக்கினோம். நீங்களாவது சட்டுனு முடிச்சிக்குங்க”ன்னாங்க. சாயங்காலம் மல்லாட்டைத் தோலை உரிச்சுக் கடலையை முறத்தில் போட்டுக்கிட்டே, அம்மா “அங்க அவனுக்குச் சோறு யாரு பொங்கிப் போடறா?”ன்னு மெதுவாக் கேட்டாங்க. அது போதும் எனக்கு.

வர்ற சனிக்கிழமை கோயம்புத்தூர் பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போறேன். தம்பிக்குச் சொல்லலை. அவன் ரூம் வாசலில் நிறுத்திட்டு, நான் தள்ளி நிப்பேன். கத்தினாலும் சரி, அழுதாலும் சரி, அவங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசிடணும். இது நான் உங்களுக்குக் குடுக்கிற வாக்கு அப்பா. நம்ம வீட்டில் இனிமே யாரும் யாரோடயும் பேசாம இருக்க விடமாட்டேன்.

நீங்க தூங்குங்க.

உங்க மகளும்,
உங்க தங்கச்சிக்கு அண்ணன் மகளுமான
தேன்மொழி