உள்ளங்கையில் ஓர் எழுத்து

1936 ஜூன் 7, ஞாயிறு

நல்ல வெயில். பூசை முடிந்து வீடு வருவதற்குள் குடைக்குள்ளேயே வேர்த்துவிட்டது.

"நூல் முடியிற கைக்கு எழுத்து எதுக்கு?" மில் மேஸ்திரி போன மாதம் வழிமறித்துக் கேட்டது. சிரித்துவிட்டு வந்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மில் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். பாடம் என்று சொல்வதில்லை, விளையாட்டு. மண்ணெண்ணெய்த் தகரத்தில் வெட்டிய எழுத்துகள். இன்றைய சொல்லும் 'தகரம்'. கலைத்ததில் கரம், தரம், ரதம். லூர்து மெல்ல நகர்த்தி 'ரகம்'. துணி மடிக்கும் இடத்தில் நாள் முழுக்கக் காதில் விழும் சொல். "இதுக்குள்ளயா கெடந்துச்சு?" என்றாள்.

ஜூன் 10, புதன்

புழுக்கம். போலீஸ் சிப்பாய் வந்தார். நான் சங்கேத எழுத்து சொல்லிக்கொடுக்கிறேனாம், மேஸ்திரி புகார். ஞாயிறு வருகிற அஞ்சலை மில் சுவரில் கரியால் 'சா.வே.' என்று எழுதியிருக்கிறாள். சாப்பாட்டு வேளை, அவ்வளவுதான். மேஸ்திரிக்கு விளங்கவில்லை, விளங்காததெல்லாம் சதி.

சிப்பாய் தகர எழுத்துகளைப் பையோடு எடுத்துக்கொண்டார். "இனிமே கூட்டம் சேக்க மாட்டேன்னு ஒரு கையெழுத்து, வாத்தியாரம்மா. எங்க பெரிய அதிகாரி, கொமிசேர் ஐயா கேட்டாரு."

போட மாட்டேன் என்றேன். ஆயுள் முழுக்கக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவள். எதில் போடக் கூடாது என்பதும் தெரியும்.

மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 13, சனி

மேகம், மழை இல்லை. குடைக்கம்பி சரிசெய்ய வேண்டும். சீயக்காய் வாங்க வேண்டும்.

மேஸ்திரி சொல்லிவிட்டாராம்: ஞாயிறு என் வீட்டுக்கு வருகிறவள் திங்கள் வேலைக்கு வர வேண்டாம். அஞ்சலை புருஷன் படுக்கையில், மூன்று பிள்ளைகள். குழாயடியில் அவளைப் பார்த்தேன். வா என்று சொல்ல வாய் வரவில்லை.

அவளே, "வர்றேன். ஆனா எழுத்தத்தான் தூக்கிட்டுப் போயிட்டானுங்களே."

கூட நின்ற லூர்து: "மருதாணி வச்சுக்கலாண்டி. ஆளுக்கு ஒரு எழுத்து. கையையுமா புடுங்கிட்டுப் போவான்?"

சாயங்காலம் அம்மி என் வீட்டில்தான். விரலெல்லாம் சிவப்பு.

ஜூன் 14, ஞாயிறு

ஒருத்தியும் பாக்கியில்லை. தோட்டத்தில் வரிசையாக நின்று, இடம் மாறி மாறிச் சொல் ஆனார்கள். அஞ்சலை உள்ளங்கையில் 'ர'. "நவுருடி, 'ரதம்'னா நான்தான் முன்னாடி." தெருமுனையில் அதே சிப்பாய். உதடு அசைந்துகொண்டிருந்தது. படிக்கிறார்.

ஜூன் 15, திங்கள்

நாள் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. சோறு குழைந்தது.

இருட்டும் நேரம் அஞ்சலை வந்தாள். மில் வாசலில் மேஸ்திரி கையை விரிக்கச் சொன்னாராம்.

"என்னாடி இது?"

"ர."

"அப்படின்னா?"

"தனியா ஒண்ணுமில்ல, மேஸ்திரி."

நீ மட்டும் வெளியே போ என்றிருக்கிறார். பின்னால் நின்ற லூர்து உள்ளே போகாமல் கையை விரித்தாளாம். அடுத்தவள். அதற்கடுத்தவள். ஒருத்தியும் வாசலைத் தாண்டவில்லை. சங்கு இரண்டாம் தடவை ஊதியது. உள்ளே மெஷின்கள் சும்மா நின்றன.

"அப்புறம்?"

"உள்ள போங்கடின்னாரு. எல்லாரையும்."

நாளை வேறு ஏதாவது செய்வார். செய்யட்டும்.

அடுத்த ஞாயிறுக்குச் சொல்: பலகை. 'ல'வுக்குப் பிறகு கொஞ்சம் இடம் விட்டு எழுதிப் பார்.