எம்.ஆர்.ஐ. அறையும் அரைஞாண் கயிறும்

முதுகுவலிக்காகப் போன வாரம் புதுக்கோட்டையில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போயிருந்தேன். "உடம்புல மெட்டல் ஏதாச்சும் இருக்கா சார்?" என்று அங்கிருந்த பெண் கேட்டதும், கை தானாக இடுப்புக்குப் போனது. உன் நினைவு வந்தது.

அன்று நீ காய்ச்சலோடுதான் அலுவலகம் வந்தாய். இத்தனை வருடம் என்னை 'டேய்' என்றே கூப்பிட்டவன், "வாங்க சார், யாரைப் பாக்கணும்?" என்றாய். எல்லோரும் சிரித்தோம். மதியம், கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டே கேமராவைத் தேடினாய். சாயங்காலம் வலிப்பு வந்தது.

சி.டி. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. உன் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். "அதான் ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சுல்ல. வல்லத்திராக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயி மந்திரிச்சா சரியாப் போயிரும்."

மருத்துவர் விடவில்லை. "மூளையில வைரஸ் தாக்கியிருக்கும்னு சந்தேகப்படுறோம். ஆரம்பத்துல சி.டி.யில தெரியாமப் போகலாம், எம்.ஆர்.ஐ. பாக்கணும். மருந்து ஆரம்பிச்சாச்சு. பாதியில கூட்டிட்டுப் போனா உயிருக்கே ஆபத்துங்க."

மறுநாள், எம்.ஆர்.ஐ. அறை வாசலில் உன் வெள்ளி அரைஞாண் குறுக்கே நின்றது. கொக்கி இறுகிப்போயிருந்தது. தொந்தியைத் தாண்டிக் கழற்றவும் முடியவில்லை. வெட்டத்தான் வேண்டும். உன் மனைவி தடுத்தாள்: "செத்தவுகளுக்குத்தானேண்ணே அரைஞாணை அறுப்பாக? உசுரோட இருக்கிற மனுசனுக்கு அறுக்கலாமா?"

"வண்டியை வரச் சொல்லியாச்சு, கெளம்புங்க" என்றார் உன் அண்ணன்.

எதிர்க்கடைக்கு ஓடிக் கறுப்புக் கயிறு வாங்கி வந்தேன். "மொதல்ல இதைக் கட்டும்மா. இடுப்பு வெறுமையா இருக்காது. அப்புறம் அதை அறுக்கட்டும்."

முடிச்சுப் போட்ட பிறகே வெள்ளியில் கட்டரை வைக்க விட்டாள். நீ என்னைப் பார்த்து, "அளவு எடுக்குறீங்களா சார்? பேன்ட்டைக் கொஞ்சம் லூசாத் தைங்க" என்றாய். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

படத்தில், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஒரு பக்கம் வெளுத்துத் தெரிந்தது. மருத்துவர் விரல் வைத்துக் காட்டினார். உன் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெளியே போய் வண்டியைத் திருப்பி அனுப்பினார். முதுகுத்தண்டு நீர்ச் சோதனையும் பிறகு அதையே சொன்னது. மருந்து தொடர்ந்தது.

ஒரு காலையில் கண் விழித்து, "டேய், என் வெள்ளி எங்கடா?" என்றாய். என்னை உனக்குத் தெரிந்துவிட்டது.

சில பெயர்கள் உனக்குக் கடைசிவரை திரும்பவில்லை. வெள்ளியை நீ மறுபடி கட்டவுமில்லை. "இந்தக் கயித்துக்கு எந்த மெஷினும் கோவிச்சுக்காதுடா" என்பாய். போன தையில் மாரடைப்பில் நீ போனபோது அந்தக் கறுப்புக் கயிற்றைத்தான் அறுத்தார்கள். உன் மனைவி தடுக்கவில்லை.

அன்று அவசரத்தில் இரண்டு கயிறு வாங்கியிருந்தேன். உனக்குச் சொன்னதில்லை.

"சார், மெட்டலா?" அந்தப் பெண் மறுபடி கேட்டாள்.

"இல்லம்மா, கயிறுதான்" என்றேன்.