குண்டூசி கடித்த பல்

அன்புள்ள வாயாடிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. அப்பா சுகம், தையல் மிஷின் சுகம், நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் கடைசிச் சுகம் மட்டும் பொய். போன வாரம் போனில் நீ தயங்கித் தயங்கி, "அத்தைக்கு என்னைப் பிடிக்கலையா, கல்யாண போட்டோ ஒண்ணுலகூட சிரிக்கலையேன்னு அவர் கேக்கறாரும்மா" என்றாயே, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் பல்தான் ஆடுகிறது.

உன் கல்யாண உடைக்கு விளிம்பு மடிக்கும்போது வழக்கம்போலக் குண்டூசிகளை முன்பல்லில் கடித்திருந்தேன், ஊசியோடு பல்லும் அசைந்தது. அதற்கு நாலு வருஷம் முன்பிருந்தே பல் தேய்த்தால் இரத்தம் வரும். பிரஷ்தான் ஈறைக் கிழிக்கிறது என்று நினைத்து அந்தப் பக்கம் தேய்ப்பதையே விட்டுவிட்டேன். வலியும் இல்லை, யார் டாக்டரிடம் போவார்கள். அப்புறம் பல் நீண்டது, இடைவெளி விழுந்தது, வாடை வேறு, அளவெடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். உன் கல்யாணத்தில் உதட்டை இறுக்கி நின்றதும் அதனால்தான். கடுகடுப்பான மாமியார் என்று பெயர் வந்தாலும் பரவாயில்லை, பல் மட்டும் தெரியக்கூடாது என்று நினைத்தேன் பார், எனக்கே வெட்கமாக இருக்கிறதடி.

நீ பேசிய மறுநாளே பல் டாக்டரிடம் போனேன். உன் வயதுப் பெண். படம் எடுத்துப் பார்த்து, "சொத்தையே இல்லம்மா, பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்புதான் பாதி கரைஞ்சிருக்கு" என்றாள். கிருமி தின்றுவிட்டதா என்று கேட்டேன். "கிருமி ஆரம்பிச்சு வைக்கும். அதை விரட்ட உங்க உடம்பு ஈறை வீங்க வைக்கும். வீக்கம் வருஷக்கணக்கா ஆறாம இருந்தா, உங்க உடம்பே எலும்பைக் கரைச்சிடும்" என்றாள். இரத்தம் வந்த இடத்தைத்தான் நன்றாகத் தேய்த்திருக்க வேண்டுமாம். ஈறைச் சுத்தம் செய்தால் மற்றப் பற்களைக் காப்பாற்றலாம், முன்பல் இரண்டை மட்டும் மாதக் கடைசியில் எடுக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்றார் அப்பா, சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இதைவிட வெட்கம் ஒன்று உண்டு. உனக்கும் ஈறில் இரத்தம் வருகிறது என்றபோது, அந்தப் பக்கம் தேய்க்காதே என்று புத்தி சொன்னவளும் நான்தான். சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்டதில்லை நீ, இதையும் கேட்டிருக்க மாட்டாய் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். கேட்டிருந்தால் நாளைக்கே டாக்டரிடம் போ.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு. படித்ததும் இருவரும் வீடியோவில் கூப்பிடுங்கள், மாதக் கடைசிக்குள். இருக்கிற பல்லோடு ஒரு தடவை அவரைப் பார்த்துச் சிரித்துவிடுகிறேன்.

இருவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
சிரிக்கத் தெரிந்த உன் அம்மா