ஐஸ் மேல் தேங்கிய தண்ணீர்

நண்பா,

பூந்தமல்லி மீன் கடையில் இன்று காலை ஈரச் சாக்கு வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாக நீண்டது. ஐஸ் கட்டியின் மேல் தேங்கியிருந்த தண்ணீரை வழித்துத் தள்ளிவிட்டேன். மீன்காரம்மா விடவில்லை. "இன்னா அண்ணாத்தே, மீன் வாங்க வந்தியா, ஐஸுக்கு மூஞ்சி கழுவ வந்தியா?"

நீ பழக்கிவிட்ட வேலை அது. அம்பத்தூர் ஐஸ் பேக்டரியிலிருந்து மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிவந்து நம் பக்கம் முழுக்க ஐஸ் போட்டவன் நீ. உன் சாவுக்கு வந்ததோ கரண்டில் ஓடும் ஃப்ரீசர் பெட்டி. அந்த அவமானத்தை எப்படித்தான் பொறுத்துக்கொண்டு படுத்திருந்தாயோ!

நினைவிருக்கிறதா, அன்று பாரிவாக்கத்தில் என் மகளுக்குக் காதுகுத்து. சித்திரை வெயில். சோடா குளிர்விக்க இரண்டு பெரிய கட்டிகளை இறக்கிவிட்டு, "மாமே, சாக்க எடுக்காத. மேல தண்ணி நின்னா தள்ளி உட்டுகினே இரு" என்றாய். நானா கேட்பவன்? மாமனார் வீட்டார் பார்த்து வாய் பிளக்கட்டும் என்று சாக்கை உருவினேன். ஐஸ் தண்ணீர்தானே, மேலேயே நின்றால் குளுமை காக்கும் என்று என் அறிவு சொன்னது. பந்தி முடிவதற்குள் நடுவில் குழி, குழியிலிருந்து விரிசல், கட்டி இரண்டு துண்டு.

திரும்பி வந்து பார்த்தாய். "ஐஸுக்குக் காவல் இருன்னா, நீச்சல் குளம் கட்டி வச்சுகீறியே மாமே!" கூட்டம் சிரித்து ஓய்ந்தபின் சொன்னாய்: "வெள்ளையா கீற வரைக்கும் அது வெயில திருப்பி அடிக்கும். மேல தண்ணி நின்னா வெயில குடிக்கும். குடிச்சிட்டு உள்ள தோண்டும். தோண்டுன குழில இன்னும் தண்ணி நிக்கும்."

போன வாரம் கைப்பேசியில் ஒரு வீடியோ. வடதுருவத்துப் பக்கம், தரைமேல் கண்ணுக்கெட்டிய வரை வெள்ளைப் பனிப்பாளம்; அதன்மேல் நீலநீலமாகக் குளங்கள். அழகுதான். எனக்குத் தெரிந்ததோ அந்தக் காதுகுத்துக் கட்டியின் குழிதான். அதில் பேசியவரும் உன் பேச்சைத்தான் பேசினார். வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்புமாம். தேங்கிய நீர் கருத்திருப்பதால் விழுங்கிவிடுமாம். விழுங்கிய சூட்டில் பனி இன்னும் உருகிக் கடலுக்குப் போகுமாம். அத்தனை பெரிய கட்டிக்கு யாரப்பா சாக்கு போடுவது?

அந்தக் காதுகுத்துப் பெண்ணை எண்ணூர்ப் பக்கம் கடலோரத்தில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறேன். கல்யாணத்தின்போது அவள் வாசலிலிருந்து அலைக்கு அறுபது காலடி. நானே நடந்து எண்ணினேன். இப்போது கரை கரைவதற்கு மாப்பிள்ளை ஆயிரம் காரணம் சொல்கிறார். இருக்கட்டும். அதற்கும் மேல் இந்தத் தண்ணீரும் வந்தால்?

மீன் பையைக்கூட இறக்காமல் அவளைக் கூப்பிட்டேன். "வேற ஊடு பாரும்மா."

"காலங்காத்தாலயே காமெடியா, நைனா?" என்று சிரித்தாள். வாழ்நாளெல்லாம் கிண்டலடித்தவன் பயந்தால் யார் நம்புவார்?

வாசலிலிருந்து அலை வரை காலடி வைத்து எண்ணச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எண்ணினாள். முப்பதைத் தாண்டியதும் சிரிப்பு நின்றது. முப்பத்தெட்டில் எண்ணிக்கையும் நின்றது. போனில் அலைச் சத்தம் அவள் காலடியிலேயே கேட்டது.

"நைனா, ஒருவாட்டி வந்துட்டுப் போயேன்" என்றாள்.

நாளைக்குப் போகிறேன். ஐஸைத் தொட்ட கை இன்னும் சில்லென்று இருக்கிறது. தேங்கியதைக் கண்டால் தள்ளிவிட வேண்டும் என்று நீ பழக்கிய கை. அந்த நீலக் குளங்கள் வரை தன்னால் எட்ட முடியாது என்பது மட்டும் இதற்கு இன்னும் தெரியவில்லை.