நீங்கள் எனக்குக் கொடுத்த அவகாசம்

மேடம்,

சென்ற வாரம் ஒரு காலை, என் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் மகள் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டியை வைத்தாள். மூடியைத் திறந்ததும் லேபில் புழங்கும் சைலீன் திரவத்தின் வாசனை வந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு அந்த வாசனையை நான் முகர்ந்ததே இல்லை. உள்ளே சாயமேற்றிய ஸ்லைடுகள். அவளுடைய மார்பில் தட்டுப்பட்ட கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த சதை அவற்றில் ஒட்டியிருந்தது. புற்றாக இருக்கலாம் என்று ஒரு லேபில் எழுதியிருந்தார்கள். வேறொருவரும் பார்த்துச் சொன்னால் நல்லது என்று ஸ்லைடுகளை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

“நீங்க ஒரு தடவ பாத்துடுங்கப்பா. நீங்க சொன்னா நம்பிடுவேன்” என்றாள்.

பத்தாலஜி துறையில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னாலேயே தலை நரைத்த அப்பாவிடம் ஒரு மகள் கேட்கக்கூடியதுதான். நானோ பெட்டியை மூடிவிட்டேன். உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நாம் இருவரும் ஒரே வயதுக்காரர்கள். ஆனாலும் நான் உங்களை மேடம் என்றேன், நீங்கள் என்னை சார் என்றீர்கள். கடைசி வரை அப்படியே இருந்துவிட்டது. அறுவை சிகிச்சைத் துறையில் மற்றவர்கள் வயிறு, குடல் என்று போனபோது நீங்கள் மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொண்டீர்கள். கல்லூரி கேன்டீனில் ஒருவர் கேலி செய்தார்: “மேடத்துக்கு என்ன கவலை, ஊர்ல பாதிப் பேர் பேஷண்டுதான்.” நீங்கள் டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னீர்கள்: “மீதிப் பாதி, அதான் ஆம்பளைங்க, கூட்டிட்டு வந்தாத்தானே சார் இவங்க வரமுடியும்? நீங்க வீட்ல செக் பண்ணிக்கச் சொல்லிட்டீங்களா?” அவர் வடையை முடிக்காமலே எழுந்து போனார்.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் வருவார்கள். கட்டி பெரிதான பிறகுதான் வருவார்கள். “வலிக்கவே இல்லைங்களே டாக்டரம்மா, அதான் விட்டுட்டேன்” என்பார்கள். நீங்கள் மாணவர்கள் பக்கம் திரும்பி, “வலி இல்லன்னு சொன்னா சந்தோஷப்படாதீங்க” என்பீர்கள். உங்கள் வகுப்புகள் பெரும்பாலும் இப்படி நோயாளியின் ஒரு வாக்கியத்தில்தான் தொடங்கின.

என் பயமெல்லாம் உங்கள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் தொலைபேசிதான். நோயாளியை மயக்கத்தில் கிடத்தி, கட்டியை எடுத்து எனக்கு அனுப்புவீர்கள். நான் அதை உறையவைத்துச் சீவி, சாயமேற்றிப் பார்த்துச் சொல்லவேண்டும். புற்று என்று நான் சொன்னால் அப்போதே மார்பை எடுத்துவிடுவீர்கள். அந்த நாட்களில் அதுதான் வழக்கம். என் ஒரு சொல்லுக்கு அப்படி ஒரு கனம் இருக்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை.

உப்பிலியபுரத்துப் பெண் ஒருவரின் கட்டி ஒரு நாள் வந்தது. பார்த்தேன். புற்று மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மறுபடி பார்த்தேன். தொலைபேசி அடித்தது.

“என்ன சார்?”

“மேடம்... உறுதியா சொல்ல முடியல.”

நீங்கள் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். மறுமுனையில் கருவிகளைத் தட்டில் வைக்கும் ஓசை மட்டும் கேட்டது.

“சரி. நான் தையல் போட்டு மூடிடறேன். நீங்க நிதானமா பாருங்க.”

வெளியே அந்தப் பெண்ணின் கணவர் கத்தினாராம். “திறந்து பாத்துட்டும் தெரியலன்னா என்னங்க அர்த்தம்? நீங்கள்லாம் எதுக்குப் படிச்சீங்க?” நீங்கள், “எனக்கு இன்னும் தெரியலைங்க. தெரியாம வெட்ட மாட்டேன்” என்றீர்களாம். உங்கள் ஜூனியர்தான் இதை எனக்குச் சொன்னார். ‘எனக்கு’ என்றீர்கள். என் பேச்சையே எடுக்கவில்லை.

பிறகு நிதானமாக மெழுகில் பதித்துச் சீவிப் பார்த்தபோது அது புற்று இல்லை. புற்றைப் போல வேடமிடும் சாதாரண வளர்ச்சி. அந்தப் பெண் முழு உடம்போடு ஊருக்குப் போனார். பிறகு ஒரு மருத்துவக் கூட்டத்தில் நீங்கள் அதைப் பற்றிப் பேசினீர்கள். “பத்தாலஜிஸ்ட் தயங்கினா கத்தியும் தயங்கணும்” என்றீர்கள். நான் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். என் கோழைத்தனம் என்று நான் நினைத்திருந்ததை நீங்கள் ஒரு மருத்துவ முடிவாகச் சொன்னது எனக்கு இன்னும் முழுதாக நம்பமுடியாத விஷயம்.

சென்ற வாரத்துக்கு வருகிறேன். மாடியில் இருக்கும் பழைய மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடைப் பொருத்தினேன். கண்ணை வைக்கவில்லை. உங்கள் அக்காவுக்குக் கட்டி வந்தபோது வேறொரு டாக்டரிடம் அனுப்பினீர்களே. “என் அக்கா மேல என் கத்தி நியாயமா இருக்காது சார்” என்று. என் கண்ணும் நியாயமாக இருக்காது. நல்லதையே பார்க்கக் கெஞ்சும். ஸ்லைடை எடுத்துப் பெட்டியில் வைத்து, கீழே வந்து மகளிடம் இதைச் சொன்னேன்.

“பயமா இருக்குன்னு சொல்லுங்கப்பா. ரூல் பேசாதீங்க.”

“ரெண்டும்தாம்மா.”

அவள் சிரித்தாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து, பாலம் தாண்டி, திருச்சியில் மருத்துவம் பார்க்கும் உங்கள் மாணவியிடம் போனோம். அங்கே இரண்டு பத்தாலஜிஸ்டுகள் ஸ்லைடுகளைப் பார்த்தார்கள். புற்றுதான். சின்னது. “முழுசா எடுக்க வேண்டாம் சார். கட்டியை மட்டும் எடுத்து, ஓரத்துல எதுவும் மிச்சம் இல்லைன்னு அப்பவே பாத்துடலாம். மேடம் இருந்தா இதைத்தான் செய்வாங்க” என்றார் உங்கள் மாணவி. நீங்கள் போய்விட்டதை நான் நன்றாக உணர்ந்தது அந்த ‘இருந்தா’வில்தான்.

நாளை அறுவை சிகிச்சை. மகள் மயக்கத்தில் இருக்கும்போதே, எடுத்த சதையின் ஓரத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறவர் இப்போதுதான் பணியில் சேர்ந்த இளம்பெண். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வணக்கம் சொன்னார். குரல் என்னுடையதைப் போலவே மெல்லியது. ‘தைரியமாகச் சொல்லுங்கள்’ என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவரை அவசரப்படுத்திவிடும் என்று தோன்றியதால் பேசாமல் வந்துவிட்டேன்.

இத்தனை வருடங்களில் நான் தியேட்டருக்கு வெளியே உறவினர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை மேடம். நாளை உட்காருவேன். உள்ளே நேரமானாலும் கதவைத் தட்டமாட்டேன், யாரையும் கேட்கமாட்டேன். அந்த இளம்பெண் நிதானமாகப் பார்க்கட்டும்.