காப்பிக்கு முன்னால் எடுத்த பை

இன்று காலை நல்ல வெயில். பையனுடைய படுக்கைப் பையை மூங்கிலிலிருந்து இறக்கிக் களத்தில் விரித்தேன். மிளகு வாசமும் அடுப்புப் புகையும் சேர்ந்து அடித்தது. நம் வீட்டு வாசம். உடனே உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஆமாம், எழுதத்தான். கரடியூரில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கிறது. மை ஊற்றும் பேனாகூடக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் என் பெயரை எழுதினேன், அடுத்தது உன் பெயரை. உன் பெயர்தான் அழகாக வந்தது. இந்தக் காகிதத்திலும் அதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். உனக்குத்தான் படிக்கத் தெரியாதே. அதனால் முடித்ததும் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன்.

பை வந்த நாள் நினைவிருக்கிறதா? சேலத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து மலையில் கூடாரம் போடும் கேம்ப்காரர்களோடு பையன் போக ஆரம்பித்த வருடம். அவர்கள் கொடுத்தது. ஸ்லீப்பிங் பேக் என்றான். உள்ளே புகுந்து ஜிப்பை இழுத்துக்கொண்டு தூங்கவேண்டும். நீ காலை விட்டுப் பார்த்துவிட்டு, "கோணிக்குள்ள போட்ட காப்பிக்கொட்டையாட்ட இருக்குதுங்க" என்று சிரித்தாய்.

ஒரு கேம்ப் முடிந்து அடுத்தது வரும்வரை பை நம்மிடம் இருக்கும். அவன் உனக்குச் சொன்னது இவ்வளவுதான். நன்றாகக் காயவேண்டும். இறுக்கிச் சுருட்டி வைக்கக் கூடாது. உள்ளே பஞ்சு அமுங்கிப்போனால் குளிர் தாங்காது. நீ வீட்டுக்குள் மூங்கில் கட்டித் தொங்கவிட்டாய். மிளகு மூட்டைக்கு மேலே ஓர் ஆள் நிற்பது போல இருக்கும்.

பிறகு எனக்கும் அவனுக்கும் சண்டை வந்தது. எஸ்டேட் வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் தூக்குகிறானே என்று எனக்குக் கோபம். இனி இந்த வாசலை மிதிக்காதே என்றேன். பையைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிவிட்டான். கோத்தகிரிப் பக்கம் கேம்ப்பில் இருக்கிறான் என்று கண்டக்டர் சொன்னதோடு சரி.

மூட்டை வைக்க இடம் போதவில்லை என்று ஒரு நாள் நான் பையைச் சுருட்டிக் கயிறு போடப் போனேன். நீ அடுப்படியிலிருந்து வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாய்.

"ஏனுங்க, செத்தவங்க பாயைத்தானுங்க சுருட்டிக் கட்டுவாங்க. எம் பையன் உசுரோட இருக்கறானுங்க."

கயிற்றை விட்டுவிட்டேன்.

மழைக்காலம் முழுக்க, வெயில் தலைகாட்டும்போதெல்லாம் நீ அதைக் களத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாய். மகன் வரவில்லை, மகனுடைய தோல் மட்டும் காய்கிறதா என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேலி பேசினார். "தோலு இங்க இருக்குதுல்லங்கண்ணா, ஆளு எங்க போயிருவான்" என்றாய் நீ.

மார்கழியில் காப்பிப் பழம் பறித்துக் களத்தில் போட்டிருந்தோம். ஓரத்தில் பையும் காய்ந்தது. நீ மாரமங்கலத்தில் உன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாய். திடீரென்று மேகம் இறங்கியது. காப்பியைக் குவித்துத் தார்ப்பாய் மூடுவதுதான் என் கைக்குப் பழக்கம். அன்றைக்குக் கை பையைத்தான் எடுத்தது. உள்ளே கொண்டுபோய் மூங்கிலில் போட்டு, உதறிவிட்டுத் திரும்பினால் காப்பி தண்ணீரில் மிதக்கிறது.

நீ வந்து காப்பியைப் பார்த்தாய். பையைத் தொட்டுப் பார்த்தாய். பூசணம் பிடித்துப் பாதி வீணாகப் போகிறது என்று தெரிந்தும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினாய்: "உங்கப்பன் காப்பியை நனைய உட்டுப்போட்டு உன்ற பையை எடுத்து வெச்சாருன்னு மட்டும் சொல்லுங்க. வேறொண்ணும் வேண்டாமுங்க."

பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டான். நான் மிதிக்காதே என்ற வாசலுக்கு வெளியிலேயே நின்றான். "பை காஞ்சுதான் இருக்குது. உள்ள வந்து பாரு" என்றேன். வந்து உதறினான். பொசுபொசுவென்று எழும்பியது.

"நல்லா வெச்சிருக்கறீங்கப்பா."

நீ அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டே, கஞ்சி ஆறுகிறது என்று எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து அதட்டினாய்.

இப்போதும் கேம்ப் இல்லாத மாதங்களில் பை இங்கேதான். ஜிப் ஒரு தரம் மாற்றியாயிற்று. நீ போன அன்று உன் பாயைச் சுருட்டிக் கட்டச் சொன்னார்கள். நான்தான் கட்டினேன். முடிச்சு விழவில்லை. பையன் வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

களத்தோரம் உட்கார்ந்து இவ்வளவு எழுதியபோது தூறல் விழுந்தது. காகிதத்தை அப்படியே போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். வந்து பார்த்தால், மேலே உன் பெயர் மை கரைந்து கிடக்கிறது. பரவாயில்லை, இன்னொரு முறை எழுதிக்கொள்கிறேன். எனக்குத்தான் இப்போது எழுதத் தெரியுமே.