நம் வீட்டுக்குள்ளேயே சுற்றின வட்டி

சேசு மரி சூசை துணை

பாப்பாரப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் சின்னராஜுக்கு அம்மா ரோசம்மாள் எழுதுவது.

இன்றைக்குச் சாயங்காலம் ஜெபமாலை முடிந்து உட்கார்ந்தவர்கள்: உன் அப்பா, நான், தங்கச்சி அன்பரசி, உன் பெண்சாதி தேவிப்பிரியா. பாப்பா அவள் மடியிலேயே தூங்கிவிட்டாள். வெளியாள் யாரும் இல்லை. நீ மட்டும்தான் இல்லை.

என்ன கூட்டம் என்கிறாயா? கடன் கூட்டம்! போன மாசத்திலிருந்து உன் போன் அணைந்தே கிடக்கிறது. நீ கடன் வாங்கின அந்த லோன் ஆப் ஆட்கள் அப்பாவுக்கும் தேவிப்பிரியாவுக்கும் போன் போட்டுக் கத்துகிறார்கள். பாக்கி எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். அவர்கள் பேசின பேச்சை எழுத எனக்குக் கை கூசுகிறது, விடு. பிள்ளை ஒருத்தன் மட்டும் தலைகுனிந்து நிற்க வேண்டாம், இந்த வீட்டில் யாருக்கு என்ன கடன் இருந்தாலும் எல்லாரும் சொல்லிவிடுவோம் என்றேன். மாதா சொரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி ஒரு சட்டமும் போட்டேன். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். எதுக்கு வாங்கினாய் என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது.

முதலில் அப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிர்வீட்டுப் பச்சியப்பனிடம் நாற்பதாயிரம், நூற்றுக்கு மூணு வட்டி என்றார். எனக்குத் தெரியவே தெரியாது சாமி. நான் நெஞ்சைப் பிடித்துக்கொள்வதற்குள் அன்பரசி துள்ளி எழுந்தாள். ஐயோ அப்பா, அது என் காசுப்பா என்றாள். பொங்கல் கழிந்த வாரம்தான் தையல் கம்பெனியில் சேர்த்த நாற்பதாயிரத்தைப் பச்சியப்பனிடம் ரெண்டு வட்டிக்குக் கொடுத்தாளாம். அதே வாரம்தான் அப்பாவும் வாங்கியிருக்கிறார். மகள் காசுக்கு அப்பா மாசம் ஆயிரத்து இருநூறு கட்டுகிறார், மகள் கைக்கு எண்ணூறு வருகிறது, நடுவில் நானூறு பச்சியப்பனுக்கு!

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. பாப்பா விழித்துக்கொண்டு அழுதாள். இனிமேல் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கணும் அப்பா, நான்தான் உங்களுக்குக் கடன் கொடுத்தவள் என்றாள் அன்பரசி. உன் அப்பா நிஜமாகவே எழுந்து நின்றார். சத்தம் கேட்டு வந்த பச்சியப்பன் தலையைச் சொறிந்துகொண்டு, உங்க வூட்டுக்குள்ள நீங்க பேசிக்கிட்டா நான் ஏங்க நடுவுல வர்றேன் என்றார். அவர் கேட்டதில் தப்பில்லையே. கணக்கை அங்கேயே நேர் பண்ணிக்கொண்டு போனார். இனி அப்பா அன்பரசிக்கே திருப்பிக் கொடுப்பார், வட்டி கிடையாது. மாசம் ஆயிரத்து இருநூறு மிச்சம் என்று அப்பா குதித்தார். அன்பரசிக்கு வந்த எண்ணூறு நின்றுபோகும், அதனால் வீட்டுக்கு மிச்சம் நானூறுதான் என்றேன். சந்தோஷத்தில் யார் காதிலும் ஏறவில்லை.

அடுத்தது தேவிப்பிரியா. அடகுக் கடையில் பன்னிரண்டாயிரம் என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையைக் காது வரைக்கும் இழுத்துக்கொண்டாள். அவள் காதில் இருப்பது கவரிங் கம்மல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காசு எங்கே போனது என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

பால் காசு, அன்பரசி சம்பளத்தில் பாதி, இந்த நானூறு எல்லாம் சேர்த்து மாசாமாசம் ஒரு கடனையாவது குறைக்கலாம் என்று கணக்குப் போட்டுவிட்டேன். முதலில் கம்மலை மீட்டுவிடலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அது அங்கேயே கிடக்கட்டும் அத்தை, முதல்ல அவுங்களோட ஆப் கடனை அடைச்சிடலாம்ங்க என்கிறாள். அப்பாவோ, தேவைப்பட்டால் கிடாரியைச் சந்தைக்கு ஓட்டிவிடலாம், அவன் எவ்வளவு என்று சொன்னால் போதும் என்கிறார். இப்போது எல்லாம் உன் ஒரு தொகைக்காக நிற்கிறது.

மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி வண்டி ஓட்டுகிற சென்னப்பன் அண்ணன் உன்னை ஓசூரில் பார்த்தாராம். ரொம்ப இளைத்துவிட்டாய் என்றார். அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு. அந்த ஆட்களுக்குக் கட்ட இன்னொரு ஆப்பில் வாங்காதே.

பாஸ்கா பண்டிகைக்குப் பாப்பாவுக்கு ஊதாக் கலரில் கவுன் எடுத்திருக்கிறோம். அப்பா வந்துதான் போட்டுவிடணும் என்கிறாள். மாதா உன் கூடவே இருப்பாள். இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், வாங்கிக்கொள் சாமி.

எவ்வளவு என்று எழுதிச் சென்னப்பன் அண்ணனிடம் கொடு. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
ரோசம்மாள்